முதுமைக்குச் சலுகை அல்ல, உரிமை

முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கை உயர்த்துமாறு ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை வலியுறுத்தியும் தொகை அசையவில்லை. 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியோருக்கு மாதம் 200 ரூபாய். 2007-இல் இருந்த அதே தொகை. ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. டீக்கடையில் ஒரு டீக்கும் போதாது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் சொந்த நிதியைச் சேர்த்து 1,200 ரூபாய் வழங்குகின்றன. நிதிவளம் குன்றிய மாநிலங்களில் பிறந்தவர்கள் செய்த பாவம் என்ன? மத்திய அரசு உதவும் பயனாளிகளின் எண்ணிக்கைக்கான உச்சவரம்போ 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டியே நிற்கிறது. களையெடுத்தும் கல் சுமந்தும் ரேகை தேய்ந்த விரலை ஓய்வூதியத்துக்கான கைரேகை இயந்திரத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டு, ‘நாளைக்கு வாங்க பாட்டி’ என்ற பதிலோடு வெறுங்கையாகத் திரும்பும் மூதாட்டிகளின் துயரம் தனி. முதுமையில் அரசின் உதவி பெறும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆவது கூறு பேசுகிறது. ஆனால், நீதிமன்றத்தின் மூலம் அதை நிலைநாட்ட முடியாது என்கிறது 37-ஆவது கூறு. உணவுக்கு 2013-இல் சட்டம் இயற்றிய நாடாளுமன்றத்தால் இதற்கும் இயற்ற முடியும். நிதிச்சுமை உண்மைதான்; ஆயினும் வாழ்நாளெல்லாம் உழைத்தவர்களைப் பட்டினியில் விட்டுச் சேமிப்பது சிக்கனம் ஆகாது. விலைவாசியோடு தானாக உயரும் ஓய்வூதியத்தைச் சட்டப்பூர்வ உரிமையாக்க வேண்டும். இனியும் தாமதம் கூடாது.