மதுரை டூ சென்னை: 420 கி.மீ. பறக்க ஒன்றே கால் மணி நேரமா? டிக்கெட்டில் இருக்கும் கணக்கு இதுதான்!

மதுரையில் இருந்து சென்னைக்கு ரயில் பாதை கிட்டத்தட்ட 500 கி.மீ. வான்வழியில் நேர்கோடு போட்டால் சுமார் 420 கி.மீ.தான். ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகும். அப்படின்னா அரை மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கிடணுமே? ஆனா டிக்கெட்டில் ஒன்றே கால் மணி நேரம், சிலதில் ஒன்றரை மணி நேரம்னுகூட இருக்கு. ஏன்?

டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. பெருங்குடியில் விமானம் நகரத் தொடங்கும் நிமிடத்தில் இருந்து, சென்னையில் போய் நிற்கும் நிமிடம் வரைக்கும் உள்ள மொத்த நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, சென்னை வானத்தில் இறங்க இடம் கிடைக்கும் வரை சுற்றுவது எல்லாம் இதில் வந்துடும். தாமதத்துக்குன்னு விமான நிறுவனங்களும் சில நிமிடங்களை முன்கூட்டியே சேர்த்து வைக்கும்.

இன்னொன்று, இவ்வளவு குறைந்த தூரத்தில் விமானம் மேலே ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பிச்சிடும். முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்கள்தான். அதனால மணிக்கு 500 கி.மீ. போகும் ஏ.டி.ஆர். புரொப்பல்லர் விமானத்துக்கும் ஜெட்டுக்கும் நீங்க நினைக்கிற அளவு வித்தியாசம் இருக்காது.

ரயிலா, விமானமா?

மாட்டுத்தாவணியில் இருந்து தி.நகர் போறீங்கன்னு வைப்போம். ஏர்போர்ட் போக 40 நிமிடம். செக்-இன் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடுவதால், ஒன்றரை மணி நேரம் முன்பே அங்கே இருக்கணும். பயணம் 80 நிமிடம், பெட்டி வாங்க அரை மணி, தி.நகருக்கு 40 நிமிடம். ஆக, நாலே முக்கால் மணி நேரம் வரும். வந்தே பாரத்தில் எழும்பூருக்கு ஆறு மணி நேரத்துக்குள்; வீட்டுக்கு வீடு கணக்கு போட்டால் ஏழு மணி நேரம். வைகையில் ரயில் நேரமே ஏழரை மணி. விமானத்தில் மிச்சமாவது இரண்டு, இரண்டரை மணி நேரம். இன்டர்வியூ, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்னு அன்றைக்கே திரும்பணும்னா அது பெரிய விஷயம். குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போறவங்களுக்கு ரயிலே மேல்.

பக்கத்து வீடு கொழும்பு

மதுரைக்குச் சென்னையைவிட கொழும்பு விமான நிலையம் பக்கம்! தூரம் சுமார் 355 கி.மீ.தான். ஆனா வெளிநாட்டுப் பயணம்னா மூன்று மணி நேரம் முன்பே போகணும்.

துபாயும் சிங்கப்பூரும் மதுரையில் இருந்து ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 3,000 கி.மீ. நேரடியாகப் பறந்தால் தலா நாலு மணி நேரம் சொச்சம். ஆனா மதுரை, சுங்க விமான நிலையம் என்ற நிலையில்தான் வெளிநாட்டு விமானங்களைக் கையாண்டு வந்திருக்கு. அந்த நாடுகளோடு போட்ட விமான ஒப்பந்தங்களில் மதுரை பெயர் சேராததால், அங்குள்ள நிறுவனங்கள் இங்கே வர முடியாத நிலை. 7,500 அடி ஓடுபாதையை 12,500 அடியாக்கும் திட்டமும் நிலம் எடுக்கும் பிரச்சினையில் இழுத்துக்கிட்டே வந்தது. சிவகங்கை, ராமநாதபுரம்காரங்க பலரும் திருச்சிக்கு கார் பிடிப்பது இதனால்தான்.

மதுரை - துபாய்னு தேடும்போது பத்து மணி நேரம்னு காட்டினா, அது வேற ஊர் வழியா போகும் கனெக்டிங் டிக்கெட். நடுவில் காத்திருக்கும் நேரமும் அதில் சேர்ந்திருக்கும். பணம் கட்டும் முன்னாடி அதைப் பார்த்துக்கோங்க.