இரட்டைப் பட்டம்

எங்கள் ரெயில்வே குடியிருப்பு அன்பர் ஒருவர் சென்ற வாரம் யோசனை கேட்க வந்தார். மகளுக்குப் பொருளாதாரத்தில் நாட்டம். அவருக்கோ பொறியியலே குறி. இராஜஸ்தானத்தில் பிலானி நகரிலுள்ள பிட்ஸ் கல்விக் கழகத்தில் (1964-இல் அமைந்தது) இரண்டையும் சேர்த்தே பயிலலாம். முதலில் எம்.எஸ்ஸி. பொருளாதாரத்தில் சேர்தல் வேண்டும்; முதலாண்டுத் தேர்ச்சியைக் கொண்டே பொறியியற் பிரிவு ஒதுக்கப்படும். நான்காண்டுக்குப் பதில் ஐந்தாண்டு. எழுத்தர் சம்பளத்தில் அந்த ஓராண்டுச் செலவு சிறிதன்று.

"பொருளாதாரம் வெறும் ஏணிதானே, ஐயா?" என்றார்.

பத்தாம் வகுப்போடு நின்ற நான் தீர்ப்புக் கூறுவது மிகையே. ஆயினும், "விரும்பிய பிரிவு கிட்டாவிடின் ஐந்தாண்டும் குழந்தையைத் தாங்கப்போவது அந்தப் பொருளாதாரமன்றோ? அவளைக் கேட்டீர்களா?" என்றேன்.

அவர் கேட்டிருக்கவில்லை.