ஒரே வீடு, இரண்டு பெயர்ப்பலகை

செஞ்சிக் கோட்டை என்று நாம் ஒருமையில் சொல்லிவிடுகிறோம். நேரில் போனவர்களுக்குத் தெரியும், அது மூன்று மலைகளின் மேல் இருக்கிற கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்து ஒரே மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே, அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றது இது ஒன்றுதான். பெயருக்கும் இங்கே பஞ்சமில்லை. மொகலாயர் கைக்கு வந்தபோது நஸ்ரத்கட் என்று பெயர் வைத்தார்கள். ஆள்கிறவர் மாறினால் பெயரும் மாறும். பாறை மட்டும் அதே பாறை.

நேயர்களே, நான் சொல்ல வந்தது கோட்டைக் கதை அல்ல. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை செஞ்சியில் இறங்கி, தேசூர் பஸ் பிடித்து, சீயமங்கலத்துக்குப் போனேன். அங்கே என் பெரியப்பா இருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை எட்டப்போகும் வயதிலும் காலையில் ஒரு தரம் மலையடிவாரத்துக் குடைவரைக் கோயிலைப் பார்த்துவிட்டு வராவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. மகேந்திரவர்மப் பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் அது. அவன் வைத்த பெயர் அவனிபாஜன பல்லவேசுவரம். இன்று ஸ்தம்பேஸ்வரர் கோயில் என்றால்தான் ஊரில் வழி காட்டுவார்கள். அந்தக் கோயிலைப் பற்றியும், பக்கத்துப் பாறையில் இருக்கிற பார்சுவநாதர், பாகுபலி சிற்பங்களைப் பற்றியும் பெரியப்பா ஏழெட்டு வருஷமாக ஓர் இணையதளம் வைத்து எழுதி வருகிறார். படிக்கிறவர்கள் அதிகமில்லை, ஆனால் படிக்கிறவர்கள் விடாமல் படிக்கிறார்கள்.

அவருடைய மருமகள், அதாவது என் அண்ணி, வீட்டுக்குப் பின்னால் செக்கு வைத்து மல்லாட்டை எண்ணெய் ஆட்டுகிறார். (சென்னை வாசகர்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.) அண்ணியும் ஒரு வருஷத்துக்கு முன்பே எண்ணெய்க்கென்று ஒரு டொமைன் பெயர் வாங்கி வைத்திருந்தார். அந்தப் பெயரில் இ-மெயில் மட்டும் நடந்துகொண்டிருந்தது. பக்கம் ஒன்றும் கிடையாது.

"எதுக்குத் தம்பி தனியா இன்னொரு இடத்துக்கு வாடகை கட்டணும்? மாமாவோட இடத்துலயே எனக்கும் ஒரு மூலை குடுக்கக்கூடாதா?" என்றார் அண்ணி.

கொடுக்கலாம். அதற்குத்தான் ஆட்-ஆன் டொமைன் என்று பெயர். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதைக் கலைக்க எனக்கும் மனம் வரவில்லை. "அரை மணி நேர வேலை, அண்ணி" என்று சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது புரிய வேண்டுமல்லவா? டொமைன் என்பது பெயர்ப்பலகை. ஹோஸ்டிங் என்பது வீடு. இரண்டையும் ஒரே கடையில் வாங்கினாலும் அவை இரண்டு சரக்குகள். பலகையில் இருக்கிற பெயரை வீட்டு எண்ணாக மாற்றிச் சொல்லும் பெரிய விலாச புத்தகம் ஒன்று உலகம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் அதற்கு முறை வகுத்தார். டி.என்.எஸ். என்பது அதுதான்.

ஆரம்ப காலத்தில் ஒரு பெயருக்கு ஒரு எண் என்று தனித்தனியாக வேண்டியிருந்தது. எண்களோ மொத்தம் சுமார் 430 கோடிதான். உலகம் போகிற வேகத்தில் அது எந்த மூலைக்கு? அதனால் 1997-ல் வந்த புதிய விதிமுறையில் ஒரு சின்ன வரியைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் பிரவுசர் ஒரு கம்ப்யூட்டரின் கதவைத் தட்டும்போது, "நான் இன்னார் பெயரைச் சொல்லி வந்திருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கூட்டுக் குடும்பத்துக்கு வருகிற தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிதான். "சுப்பிரமணியன்" என்றால் மாடிக்காரர் வருவார். "லட்சுமி அம்மாள்" என்றால் கொல்லைப்புறத்துக்காரர் வருவார். விலாசம் ஒன்றே. இந்த ஒரு வரியின் தயவில்தான் ஒரே கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் குடியிருக்கின்றன.

ஆகவே நான் செய்ய வேண்டியது இரண்டே காரியம். அண்ணியின் பெயர் இனி பெரியப்பாவின் வீட்டைக் காட்ட வேண்டும் என்று பெயரை விற்ற கம்பெனியில் எழுதி வைப்பது ஒன்று. இந்தப் பெயரைச் சொல்லி யாராவது வந்தால் இந்த அறைக்கு அனுப்பு என்று வீட்டுக்காரனிடம் சொல்லி வைப்பது மற்றொன்று. சி-பேனல் மாதிரியான கட்டுப்பாட்டுப் பலகைகளில் 'டொமைன்ஸ்' என்ற பகுதியில் புதுப் பெயரைச் சேர்க்கலாம். அறை என்று சொன்னேனே, அது வேறொன்றுமில்லை. கணக்குக்குள் ஒரு தனி ஃபோல்டர்.

வெள்ளி இரவு ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். ஏழரைக்கு எழுந்துவிட்டேன். அரை மணி என்று சொன்ன வாக்கைக் காப்பாற்றிய பெருமையோடு இட்லி சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை பெரியப்பா தம்முடைய போனில் அண்ணியின் பெயரைத் தட்டினார். எண்ணெய் வரவில்லை. மகேந்திரவர்மன் வந்தான்! பல்லவன் கல்வெட்டு, தூணில் ஆடுகிற சிவன், பாகுபலி எல்லாரும் அண்ணியின் எண்ணெய்க் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லதுதானேடா! எண்ணெய் வாங்க வர்றவன் பல்லவனையும் பாத்துட்டுப் போகட்டுமே" என்றார் பெரியப்பா. அண்ணி சிரிக்கவில்லை.

தப்பு என்னுடையது. புதுப் பெயரைச் சேர்க்கும்போது ஒரு சின்னக் கட்டம் இருக்கும். புதிய பெயர் பழைய தளத்தின் ஃபோல்டரையே பகிர்ந்துகொள்ளட்டும் என்று அதற்கு அர்த்தம். அதில் டிக் இருந்தால் இரண்டு பெயருக்கும் ஒரே பக்கம். டிக்கை எடுத்தால்தான் தனி அறை. அதைப் படிக்காமலே பொத்தானை அழுத்தியிருக்கிறேன். சேர்த்ததை நீக்கிவிட்டு, டிக்கை எடுத்து, மறுபடி சேர்த்தேன். பயப்பட வேண்டாம்; பெயரை நீக்கினால் ஃபோல்டரில் இருக்கிற கோப்புகள் அழிவதில்லை.

அதே சமயம் அண்ணியின் போனில் பல்லவனும் இல்லை, எண்ணெயும் இல்லை; வெறும் பக்கம். இதற்குக் காரணம் வேறு. விலாச புத்தகத்தை ஒவ்வொரு தடவையும் தேடிக்கொண்டிருந்தால் நேரமாகும் என்று இணையக் கம்பெனிகள் ஒரு தரம் பார்த்ததைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. எத்தனை நேரம் வைத்திருக்கலாம் என்பது அந்தப் பதிவிலேயே நொடிக் கணக்கில் எழுதியிருக்கும். டாட் காம் பெயர்களின் நேம் சர்வர் குறிப்புக்கு 1,72,800 நொடி, அதாவது இரண்டு நாள். மாற்றம் உலகம் முழுவதும் மெதுவாக 'பரவுகிறது' என்று சொல்கிறார்கள். உண்மையில் பரவுவது எதுவும் இல்லை. அங்கங்கே இருக்கிற பழைய குறிப்புகள் காலாவதி ஆகின்றன, அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமனாரின் போனுக்கும் மருமகளின் போனுக்கும் இரண்டு வேறு உலகம் தெரிவது அதனால்தான். பூட்டுப் படம் வருகிற பாதுகாப்புச் சான்றிதழும் அப்படியே. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் அதை இலவசமாகவே தருகின்றன. ஆனால் பெயர் புது வீட்டைக் காட்ட ஆரம்பித்த பிறகுதான் தருவார்கள்.

ஞாயிறு காலை எல்லாம் சரியாகிவிட்டது. பூட்டுப் படமும் வந்தது. அண்ணி ஒரு லிட்டர் எண்ணெயும் கொடுத்து என்னைப் பஸ் ஏற்றி விட்டார். இதோடு முடிந்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணி போன் செய்தார். குரல் சரியாக இல்லை.

"தம்பி, பாண்டிச்சேரி கடைக்காரர் கூப்பிட்டாரு. தீபாவளிக்கு முப்பது டின் வேணும்னு ரெண்டு தரம் மெயில் போட்டாராம். ரெண்டும் திரும்பி வந்துடுச்சாம். நாங்க கடையை மூடிட்டோமோன்னு நெனச்சு, பதினஞ்சு டின் வேற எடத்துல சொல்லிட்டாராம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன நடந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

அண்ணியின் பெயருக்கு விலாச புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருக்கவில்லை. வலைப்பக்கம் எங்கே இருக்கிறது என்பது ஒரு வரி. கடிதம் எங்கே போக வேண்டும் என்பது வேறொரு வரி, அதற்கு எம்.எக்ஸ். பதிவு என்று பெயர். அண்ணியின் கடிதங்கள் இன்னொரு கம்பெனியில் நடந்துகொண்டிருந்தன. நான் நேம் சர்வரை மாற்றினேன் அல்லவா? அது ஒரு வரியைத் திருத்துகிற காரியமே இல்லை. பழைய ஏட்டை அப்படியே மூடிவிட்டு, "இனிமேல் அந்தப் புது ஏட்டைப் பார்" என்று சொல்வது. புது ஏட்டில் கடித வரியை யாரும் எழுதவில்லை. நான்தான் எழுதியிருக்க வேண்டும். ஆகவே வெள்ளி இரவிலிருந்து அண்ணிக்கு வந்த கடிதங்கள் பெரியப்பாவின் வீட்டு வாசலுக்கு வந்திருக்கின்றன. அங்கே அந்தப் பெயரில் தபால் பெட்டி ஏது? "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டது கம்ப்யூட்டர். வலைப்பக்கம் அழகாக இருக்கிறதா என்று மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு சோதனைக் கடிதம் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்றைக்கே சரி செய்தேன். பழைய கம்பெனியின் எம்.எக்ஸ். வரிகளைப் புது ஏட்டில் எழுதினேன். கடிதம் போலி அல்ல என்று சாட்சி சொல்லும் எஸ்.பி.எஃப். வரியையும் சேர்த்தேன். ஹோஸ்டிங் கணக்கில் இந்தப் பெயரின் கடிதம் வெளியூரில் இருக்கிறது என்பதற்கு 'ரிமோட்' என்று ஒரு இடம் உண்டு, அதையும் குறித்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. இந்தப் பத்து நிமிஷத்தை வெள்ளிக்கிழமையே செலவழித்திருந்தால் பதினைந்து டின் போயிருக்காது.

நேம் சர்வரை மாற்றாமலே காரியத்தை முடித்திருக்கலாம் என்பது இன்னும் வயிற்றெரிச்சல். பழைய ஏட்டிலேயே வலைப்பக்கத்துக்கான ஒரு வரியை மட்டும் பெரியப்பாவின் வீட்டு எண்ணுக்குத் திருத்தினால் போதும். கடிதம் பாட்டுக்குக் கடிதம் நடந்திருக்கும். உங்களில் யாராவது இந்த வேலைக்கு உட்காருகிறவர்களாக இருந்தால், பழைய ஏட்டில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு பிறகு கையை வையுங்கள்.

இன்னொரு விஷயம். ஒரே கணக்கில் இரண்டு தளம் இருந்தால் சாமான் வைக்கிற இடமும் பொது, ஆபத்தும் பொது. பெரியப்பா பெரிய பெரிய படங்களாக ஏற்றிக் கணக்கை நிரப்பினால் அண்ணியின் பக்கமும் திணறும். அது போகட்டும். பெரியப்பா புதுப்பிக்காமல் விட்ட ஏதோ ஒரு பழைய நிரலின் ஓட்டை வழியாகத் திருடன் புகுந்தால், அண்ணியின் அறைக்கும் நடந்தே போய்விடலாம். ராஜகிரியில் உச்சிக்குப் போகிற வழியில் ஒரு பெரும் பிளவு இருக்கிறது. அதைப் பாலத்தின் மேல்தான் கடக்க வேண்டும். வெளி மதில் விழுந்தாலும் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி நிற்க வேண்டியதுதான். சாதாரண ஹோஸ்டிங் கணக்கில் அறைக்கு அறை அப்படி ஒரு பிளவு கிடையாது. வெறும் விலைப்பட்டியல் போட ஆட்-ஆன் போதும். தளத்திலேயே பணம் வாங்கப்போகிறீர்களானால் தனிக் கணக்கு எடுத்துவிடுங்கள். அண்ணிக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் இன்றே பார்த்து வையுங்கள். பெரியப்பாவின் தளத்தை அமைத்துக் கொடுத்த பையன் தன் பெயரிலும் தன் மெயிலிலுமே அதைப் பதிவு செய்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவனுக்கே போயிற்று. நல்ல பையன், கேட்டதும் மாற்றிக் கொடுத்தான். எல்லாரும் நல்ல பையன்களாக இருப்பார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

தீபாவளி கழித்து மறுபடி சீயமங்கலம் போயிருந்தேன். பாண்டிச்சேரிக் கடைக்காரர் பொங்கலுக்கு இருபது டின் சொல்லியிருக்கிறாராம். அண்ணி என்னை மன்னித்துவிட்ட மாதிரிதான் தெரிந்தது. ஆனால் இந்தத் தடவை எண்ணெய் கொடுக்கவில்லை.

பெரியப்பாவுக்குப் புதிய ஆசை ஒன்று. தமிழ் எழுத்திலேயே ஒரு பெயர் வேண்டும், முடிவில் '.இந்தியா' என்று வர வேண்டும் என்றார். அந்தத் தமிழ் முடிவு 2011-லேயே உலக விலாச புத்தகத்தில் ஏறிவிட்டது. நாம் தமிழில் அடித்தாலும் உள்ளே 'எக்ஸ்.என்.' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சங்கேதமாக மாறித்தான் பயணம் செய்யும். கட்டுப்பாட்டுப் பலகையில் அந்தச் சங்கேதத்தைத்தான் கொடுக்க வேண்டியிருக்கலாம். "பழைய பேரைத் தட்டினாலும் இந்தப் பேரைத் தட்டினாலும் நம்ம கோயிலே வரணும். அவனிபாஜன பல்லவேசுவரம்னாலும் அதே சாமி, ஸ்தம்பேஸ்வரர்னாலும் அதே சாமி இல்லையா?" என்றார்.

ஆகவே இந்தத் தடவை அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுக்காமல் விட்டேன். பொத்தானை அழுத்தப் போகும்போது பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"பழைய வரியெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டீங்களா, தம்பி?"

"இது புதுப் பேர், அண்ணி. பழைய வரி ஒண்ணும் இருக்காது."

"பாத்தீங்களா?"

பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, போய்ப் பார்த்தேன்.