வீட்டிலேயே கிளட்ச் மாற்றலாமா?

கார் மேட்டில் ஏறுகிறது. என்ஜின் "ஹோ" என்று அலறுகிறது. வேகம் மட்டும் கூடவில்லை. கருகல் வாடை மூக்கைத் துளைக்கிறது. கிளட்ச் தேய்ந்துவிட்டது!

ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தால் சாமானுக்கு ஒரு தொகை, கூலிக்கு ஒரு தொகை என்கிறார்கள். கூலியைக் கேட்டதும் குடும்பத் தலைவருக்கு ஓர் ஆசை பிறக்கிறது. "நாமே மாற்றினால் என்ன?"

மாற்றலாம். ஆனால் எல்லோரும் மாற்றக் கூடாது.

கிளட்ச் தகடு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. என்ஜினோடு சுழலும் கனமான சக்கரத்துக்கு "பிளைவீல்" என்று பெயர். அதன்மேல் இந்தத் தகட்டை "பிரஷர் பிளேட்" அழுத்திப் பிடிக்கிறது. காலால் மிதித்தால் பிடி விடும். காலை எடுத்தால் பிடிக்கும். அவ்வளவுதான் சங்கதி. தகட்டை மாற்றுவது சிறிய வேலை. அதை எட்டுவதுதான் பெரிய வேலை. ஏனென்றால் அது என்ஜினுக்கும் கியர் பாக்சுக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது.

1983-ல் வெளிவந்து 2014-ல் உற்பத்தி நின்ற மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். கியர் ஆயிலை வடிக்க வேண்டும். முன் சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளை உருவ வேண்டும். கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் கம்பி எல்லாம் கழல வேண்டும். என்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கியர் பாக்ஸ் வெளியே வரும். அது கனமானது. தனி ஆளாகப் படுத்துக்கொண்டு நெஞ்சின்மேல் இறக்குவது வீரம் அல்ல, விபரீதம்! இரண்டு பேர் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் சமாதானமே கிடையாது. ஜாக்கி, காரைத் தூக்குவதற்குத்தான். தாங்கி நிற்பதற்கு அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் புகுந்தவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். செங்கல்லை அடுக்குவதும் ஆபத்தே. பாரம் ஏறினால் அது திடீரென்று நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஸ்டாண்டு வாங்கக் கணக்குப் பார்க்கிறவர், பேசாமல் ஒர்க்‌ஷாப்புக்கே போகலாம். குழந்தைகளுக்கு அன்று வாசலில் வேலை இல்லை.

உள்ளே கறுப்புத் தூசி படிந்திருக்கும். அதை வாயால் ஊதக் கூடாது. பழைய தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அது நுரையீரலுக்கு எமன். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் கட்டி எறிந்துவிட வேண்டும்.

புதுத் தகட்டைக் கிரீஸ் கையால் தொடக் கூடாது. தொட்டால் கார் கிளம்பும்போது உதறும். தகட்டில் எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். நடுத்துளை சரியாக மையத்தில் நின்ற பிறகே, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். மையம் தவறினால் கியர் பாக்ஸ் தண்டு உள்ளே நுழையாது. பலர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். போல்ட்டைப் போட்டு இழுத்து முடுக்கினால் கியர் பாக்ஸ் கூடு விரிந்துவிடும். மிச்சம் பிடித்த கூலியைப்போலப் பல மடங்கு போய்விடும்!

"என்னங்க, பொழுது போயிடுச்சே! கார் இன்னிக்கு எழுந்திருக்குமா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதற்காக அவசரப்படக் கூடாது.

இன்னொரு சிக்கனமும் கூடாது. தகட்டை மாற்றும்போதே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிட வேண்டும். பழசையே போட்டு, அது பிறகு கத்த ஆரம்பித்தால், மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

இவ்வளவு செய்தும், சில கார்களில் கிளட்ச் சீக்கிரமே தேய்கிறது. குற்றம் காரிடம் இல்லை, இடது காலில் இருக்கிறது. மேட்டில் பிரேக் போடாமல் பாதிக் கிளட்ச்சிலேயே காரை நிறுத்தி வைக்கிறார்கள். ஓட்டும்போதும் பெடல்மேல் காலைச் சாய்த்தே வைத்திருக்கிறார்கள். இவர்கள் கிளட்ச்சை மாற்றுவதற்கு முன் பழக்கத்தை மாற்ற வேண்டும்.

எல்லாம் பூட்டிய பிறகு கேபிளைச் சரிசெய்து, பெடலுக்குக் கொஞ்சம் விளையாட்டு விட வேண்டும். வடித்த கியர் ஆயிலைத் திரும்ப ஊற்ற மறந்து வண்டியை எடுத்தவர்களும் உண்டு! கடைசியாகத் தரையைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு நட்டு மிச்சம் கிடந்தால் சாவியைத் திருப்பக் கூடாது. குடும்பமே கல்யாணத்துக்குக் கிளம்பி வாசலில் நின்றாலும் சரி.