ஆம்பூர்ப் போரை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்



அரூரிலிருந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர், வாணியம்பாடி வழியாக ஆம்பூருக்கு நம்மில் பலர் சென்று வருகிறோம். நிக்காஹ் விருந்துக்கும் தோல் தொழிற்சாலை வேலைக்கும் போகிறோம், பிரியாணியையும் மறப்பதில்லை. அவ்வூரின் அருகே 1749 ஆகஸ்ட் 3 அன்று கர்நாடக நவாப் அன்வருத்தீன் கான் போரில் வீழ்ந்தார் என்பது என் மதரஸா மாணவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஹிஜ்ரி 1162, ஷஅபானின் நடுப்பகுதி அது. ரமளானுக்கு இரு வாரங்கள்கூட இல்லை.

முந்தைய ஆண்டு ஹைதராபாத் நிஜாம் முதலாம் ஆஸஃப் ஜா மறைந்ததும், மகன் நாஸிர் ஜங்கும் மகள் வழிப் பேரன் முஸஃப்பர் ஜங்கும் ஆட்சிக்கு உரிமை கோரினர். ஆற்காட்டிலோ, பழைய நவாப் தோஸ்த் அலியின் மருமகனான சந்தா சாஹிப், நிஜாம் நியமித்த அன்வருத்தீனுக்கு எதிராக எழுந்தார். நால்வரும் ஒரே கிப்லாவை முன்னோக்கித் தொழுதவர்கள். சந்தா சாஹிபும் முஸஃப்பர் ஜங்கும் கைகோத்து, புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயின் துணையை நாடினர். ஆம்பூரில் முதிய நவாப் அரண் அமைத்துக் காத்திருந்தார். பிரெஞ்சுப் படையின் முதல் தாக்குதல்கள் முறியடிக்கப்பட்டன. பின்னர் அரண் உடைந்தது. யானைமீதிருந்து போரிட்ட அன்வருத்தீன் குண்டுபட்டு மாண்டார். மூத்த மகன் மஹ்ஃபூஸ் கான் சிறைப்பட, இளையவர் முஹம்மது அலி திருச்சிக்குத் தப்பினார்.

வென்றவர் வாழ்ந்தாரா? 1750 டிசம்பரில் நாஸிர் ஜங், தம் அணியில் வந்த நவாப் ஒருவராலேயே கொல்லப்பட்டார். இரண்டே மாதங்களில் முஸஃப்பர் ஜங்கும் அவ்வாறே மடிந்தார். 1752இல் தஞ்சைப் படையிடம் அகப்பட்ட சந்தா சாஹிபின் தலை துண்டிக்கப்பட்டது. எஞ்சிய முஹம்மது அலி ஆங்கிலேயரின் துணையால் நவாப் ஆனார். அத்துணைக்கான கடனோ அவர் ஆயுள் முழுதும் தீரவில்லை. 1801இல் ஆற்காட்டு ஆட்சியே கம்பெனியின் கைக்குச் சென்றது.

நம் வெட்கத்தைப் பிள்ளைகளிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று பெரியவர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். எனக்கு அது ஏற்புடையதன்று. பத்ரும் உஹதும் கற்கும் பிள்ளை இதையும் கற்கட்டும். முஃமின்களில் இரு கூட்டத்தார் சண்டையிட்டால் சமாதானம் செய்துவையுங்கள் என்ற ஸூரத்துல் ஹுஜுராத்தின் கட்டளையை மாணவர்கள் பரீட்சையில் பிழையின்றி எழுதுகிறார்கள். அது மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து ஊரே காட்டுகிறதே!

நவாப் பதவி பாகம் பிரிக்கும் சொத்தன்று என்பதை அறிவேன். எனினும் எங்கள் மஹல்லாவில் அண்ணன் தம்பி இருவர், தந்தையின் வீட்டுக்காக ஆறு ஆண்டுகளாக வழக்காடுகின்றனர். செலவுக்கு இருவருமே வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். இன்று அவ்வீட்டின் விலையைவிடக் கடன் பெரிது. அவர்களுடைய சகோதரிக்கு உரிய பங்கைப் பற்றி எவரும் பேசுவதே இல்லை. ஜனாஸா முடிந்த சில வாரங்களிலேயே ஜமாஅத் அமர்ந்து, மய்யித்தின் கடனையும் வஸிய்யத்தையும் தீர்த்து, ஃபராயிழ் கணக்கை எழுதிக் கையொப்பம் வாங்கியிருந்தால் இந்நிலை வந்திருக்காது. அன்று நானும் அந்த ஜமாஅத்தில் இருந்தேன். துக்க வீட்டில் சொத்துப் பேச்சு எதற்கென்று வாய்மூடியிருந்தவர்களில் நானும் ஒருவன்.

வரும் ஷஅபானில் ஆம்பூர்ப் போரையும் ஃபராயிழையும் ஒரே வாரத்தில் பாடமாக நடத்த எண்ணியுள்ளேன். ஆட்சேபம் உள்ள பெற்றோர் மக்ரிபுக்குப் பின் மதரஸாவுக்கு வந்து பேசலாம்.