தலைப்பு இலவசம், செய்திக்குக் காசு

பிலிப்பைன்ஸில் டேட்டா பேலன்ஸ் தீர்ந்துபோன ஒரு தினக்கூலித் தொழிலாளி 'இலவச ஃபேஸ்புக்'கைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நண்பர் பகிர்ந்த செய்தி ஒன்று கண்ணில் படுகிறது. தலைப்பு மட்டும் தெரிகிறது. படம் இருக்க வேண்டிய இடம் வெறும் கட்டமாகக் கிடக்கிறது. முழுச் செய்தியைப் படிக்க விரலை வைத்தால், இனி டேட்டாவுக்குக் கட்டணம் என்ற அறிவிப்பு வழிமறிக்கிறது. அவர் என்ன செய்வார்? விரலை எடுத்துவிடுவார். தலைப்பை நம்புவார். மனதுக்குப் பட்டால் நாலு பேருக்குப் பகிரவும் செய்வார். பகிர்வதற்குக் கட்டணம் இல்லை, சரிபார்ப்பதற்குத்தான் உண்டு.

இந்த ஏற்பாட்டுக்குத் தொலைத்தொடர்பு உலகில் 'ஜீரோ ரேட்டிங்' என்று பெயர். குறிப்பிட்ட சில செயலிகளையோ தளங்களையோ பார்த்தால் டேட்டா கணக்கில் கழியாது. 2010-இல் ஃபேஸ்புக் தன் எழுத்து மட்டுமே கொண்ட வடிவத்தைப் பல நாடுகளில் இப்படிக் கொடுத்தது. 2014-இல் ஜாம்பியாவில் ஏர்டெல் மூலம் 'இன்டர்நெட்.ஆர்க்' செயலி வந்தது. அடுத்த ஆண்டு அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள்.

பசித்தவனுக்கு அரை வயிற்றுக் கஞ்சியாவது கிடைக்கட்டுமே, அதைத் தடுப்பது என்ன நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இணையமே எட்டாத ஒரு கர்ப்பிணிக்கு மருத்துவக் குறிப்பு ஒன்று இலவசமாகக் கிடைத்தால் அது நல்லதே. ஆனால் எந்தக் கஞ்சி, யார் கையால், எவ்வளவு என்பதையெல்லாம் ஒரே நிறுவனம் தீர்மானிக்கும்போது, சாப்பிடுபவருக்கு வேறு உணவு உண்டு என்பதே மறந்துபோகிறது. இது கற்பனை பயம் அல்ல. இந்தோனேசியாவில் ஆய்வு செய்யப் போன கொழும்பின் லேர்ன்ஏசியா அமைப்பினர், "நாங்கள் இணையம் பயன்படுத்துவதில்லை" என்று சொன்னவர்களே ஃபேஸ்புக்கில் மணிக்கணக்கில் இருப்பதைக் கண்டு வியந்தார்கள். 2015-இல் குவார்ட்ஸ் இதழ் எடுத்த கணக்கெடுப்பில், ஃபேஸ்புக்தான் இணையம் என்ற கூற்றை நைஜீரியாவில் 65 சதவீதம் பேர் ஏற்றார்கள். அமெரிக்காவில் அப்படி ஏற்றவர்கள் 5 சதவீதம்.

மியான்மரில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. அங்கே ஒரு காலத்தில் சிம் கார்டு என்பது வசதி படைத்தவர்களின் பொருள். 2014-இல் புதிய நிறுவனங்கள் நுழைந்ததும் அது 1,500 கியாட்டுக்கு, அதாவது சுமார் ஒன்றரை டாலருக்கு வந்தது. லட்சக்கணக்கானோர் வாங்கிய முதல் போனிலேயே ஃபேஸ்புக்கும் வந்து உட்கார்ந்தது. 2016-இல் அரசு நிறுவனமான எம்.பி.டி. ஃப்ரீ பேசிக்ஸையும் கொடுத்தது. 2017 செப்டம்பரில் அது நின்றது. அதற்கு முந்தைய மாதம்தான் ராணுவத்தின் தாக்குதலுக்கு அஞ்சி, சிறுபான்மை ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடத் தொடங்கியிருந்தார்கள். ஓடியவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். கொலைகளைச் செய்தது ராணுவம்; அந்தப் பழியை இலவச டேட்டாவின் மேல் போட முடியாது. ஆனால் அங்கே பெரும்பாலானோருக்கு ஃபேஸ்புக்தான் இணையம் என்று ஐ.நா. உண்மை அறியும் குழு 2018-இல் எழுதியது. வெறுப்புப் பேச்சு பரவ அது வழியாக இருந்தது என்றும் குழு கண்டது. ஒரே ஜன்னல் உள்ள வீட்டில் அந்த ஜன்னல் வழியாகப் புகை வந்தால், எங்கே போய் மூச்சு விடுவது?

இலவசம் என்ற சொல்லும் முழுக்க உண்மையாக இருக்கவில்லை. இலவச முறையில் வரக் கூடாத வீடியோக்கள் மென்பொருள் கோளாறால் வந்து, பயனாளர்களின் பேலன்ஸ் கரைந்தது. இப்படிப் பல நாடுகளில் சேர்ந்து மாதம் சுமார் 78 லட்சம் டாலர் போனதாக ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களே மதிப்பிட்டன. 2022 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை வெளியிட்டது. பாகிஸ்தானில் மட்டும் மாதம் 19 லட்சம் டாலர். பத்து ரூபாய், இருபது ரூபாயாக ரீசார்ஜ் செய்பவர்களின் பணம் அது.

அங்கோலா மக்கள் வேறு வழி கண்டார்கள். அப்போது அங்கே விக்கிபீடியாவும் ஃபேஸ்புக்கும் இலவசமாக இருந்தன. மற்றவை எட்டாத விலையில் இருந்தன. எனவே சிலர் சினிமாப் படங்களை விக்கிபீடியாவோடு சேர்ந்த விக்கிமீடியா தளத்தில் ஒளித்து ஏற்றி, இணைப்பை ஃபேஸ்புக் குழுக்களில் பகிர்ந்தார்கள். 2016-இல் இது வெளியே வந்தபோது பலர் திருட்டு என்றார்கள். திறந்த இணையத்துக்கான தவிப்பு என்றும் அதைப் படிக்கலாம்.

நம் ஊருக்கும் இது வந்தது. 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மூலம் இன்டர்நெட்.ஆர்க் இந்தியாவில் தொடங்கியபோது, முதல் ஆறு மாநிலங்களில் தமிழகமும் ஒன்று, தமிழிலும் கிடைத்தது. இணையத்தில் எல்லாத் தளங்களும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று கோரி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பறந்தன. ஃபேஸ்புக் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்தது. தன் பயனாளர்களைக் கொண்டு ஆதரவுக் கடிதங்களை லட்சக்கணக்கில் அனுப்ப வைத்தது. நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லையே என்றது டிராய். 2016 பிப்ரவரி 8-இல் தளத்துக்குத் தளம் வேறுபட்ட கட்டணம் கூடாது என்று விதி வந்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய் அபராதம், உச்சவரம்பு 50 லட்சம். ஏழைகளின் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அப்போது சிலர் கண்டித்தார்கள். ஏழே மாதத்தில் ஜியோ வந்தது. ஒரு ஜி.பி. இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற நாட்டில் போட்டி தொடங்கி, விலை சரிந்தது. கிடைத்தது சில தளங்கள் அல்ல, முழு இணையம்.

ஆனாலும் மாத ரீசார்ஜுக்குத் திண்டாடும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்கான வழியை டிராய் அதே 2016 டிசம்பரில் சொல்லிவிட்டது: கிராமப்புறச் சந்தாதாரர்களுக்கு மாதம் 100 எம்.பி. டேட்டா இலவசமாகக் கொடுக்கலாம், செலவை அனைவருக்குமான சேவை நிதியிலிருந்து ஈடு செய்யலாம் என்று. எந்தத் தளம் என்ற நிபந்தனை கிடையாது. அதில் சினிமா பார்க்க முடியாது. முதியோர் உதவித்தொகை வந்ததா என்று பார்க்கலாம், பிள்ளையின் தேர்வு முடிவைப் பார்க்கலாம், சந்தேகம் தரும் தலைப்பைத் திறந்து உள்ளே இருப்பதைப் படிக்கலாம். அந்தப் பரிந்துரையை மத்திய தொலைத்தொடர்புத் துறை மீண்டும் கையில் எடுக்க வேண்டும். இன்றைய தேவைக்கேற்ப அளவைக் கூட்டி, நிபந்தனையின்றி நடைமுறைப்படுத்த வேண்டும்.