தகராறு இல்லாத குடியரசு நாள்

2025இல் குடியரசு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அந்த ஆண்டு அதற்குக் கூடுதல் சிறப்பு இருந்தது. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டு, 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்துக்கு 75 ஆண்டுகள் நிறைந்தன. 2024 நவம்பர் 26 முதல் ஓராண்டு முழுவதும் கொண்டாட்டம் என்று ஒன்றிய அரசு அறிவித்திருந்தது. 25ஆம் தேதி இரவு 7 மணிக்குக் குடியரசுத் தலைவரின் உரை வானொலியிலும் தூர்தர்ஷனிலும் வரும். அன்றிரவே வானொலியில் பன்மொழிக் கவியரங்கம். மறுநாள் காலை டெல்லி அணிவகுப்பு நேரலை. அதைக் காண நாடெங்கும் இருந்து அழைக்கப்பட்ட சிறப்பு விருந்தினர்களில் ஊராட்சித் தலைவர்களும் இருந்தார்கள்.

நம் ஊர்களில் என்ன நிலை? தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் அந்த முறை, 'பட்டியலினத் தலைவரை ஒதுக்கிவிட்டு வேறொருவர் கொடியேற்றினார்' என்ற செய்திக்கு இடமே இல்லாமல் போனது. சாதி ஒழிந்துவிட்டது என்பதால் அல்ல. அங்கே ஊராட்சித் தலைவர்களே அப்போது இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 9,624 கிராம ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போய்விட்டன. தகராறு வராத இந்த அமைதியை நாம் சமத்துவம் என்று எண்ணிவிடக் கூடாது.

பத்து தேசிய நாள்கள்

2020 ஜனவரியில் பதவியேற்ற ஊராட்சித் தலைவர் ஒருவருக்கு ஐந்தாண்டுகளில் ஐந்து குடியரசு நாள்களும் ஐந்து சுதந்திர நாள்களும் கிடைத்தன. மொத்தம் பத்து. அந்தப் பத்து நாள்களில் ஒன்றில்கூட மரியாதையோடு கொடிக்கயிற்றைப் பிடிக்க முடியாதவர்கள் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியலினப் பெண் தலைவர் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்த பிறகு ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் நேரில் போய், அவர் கையாலேயே கொடியேற்ற வைத்தார். வழக்கும் பதிவானது. ஆட்சியர் வந்தது நல்லது. ஆனால் ஓர் ஊராட்சித் தலைவர் தன் ஊரில் கொடியேற்ற ஆட்சியரும் காவல்துறையும் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது என்பதையும் நாம் குறித்து வைக்க வேண்டும்.

சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட 2022இல், தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு நடத்தியது. 20 ஊராட்சிகளில் பட்டியலினத் தலைவர்களால் தேசியக் கொடி ஏற்ற முடியவில்லை என்று அந்த ஆய்வு சொன்னது. தலைவருக்கு நாற்காலி இல்லாத ஊராட்சிகளும் அதில் இருந்தன. அதே ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பட்டியலினத் தலைவர்கள் எந்தத் தடையும் இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வீட்டுக்கு வீடு கொடி என்ற பிரசாரம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டிருந்த அதே நாள்களில்தான் இந்தக் கடிதமும் போனது.

கொடியேற்றுவது வெறும் சடங்குதானே, அதற்கு ஏன் இத்தனை சண்டை என்று சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படிக் கேட்கக் கூடாது. சுதந்திர நாளில் மாநிலங்களில் ஆளுநர்தான் கொடியேற்றி வந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சருக்கே அந்த உரிமை வேண்டும் என்று கேட்டவர் கலைஞர் கருணாநிதி. 1974 முதல் எல்லா மாநில முதல்வர்களும் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றுகிறார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவரின் கையில்தான் கொடிக்கயிறு இருக்க வேண்டும் என்பது கோட்டைக்கு நியாயம் என்றால், ஊராட்சி அலுவலகத்துக்கும் அதுதான் நியாயம்.

காலியான நாற்காலி

அரசியலமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஊராட்சித் தலைவர் பதவியை எட்டிப் பார்க்கவே முடியாமல் இருந்தவர்களுக்கு அது இடஒதுக்கீடு தந்தது. அந்த நாற்காலியில் உட்காரக் கொடுத்த விலை சிறியதல்ல. மேலவளவு தலைவராகத் தேர்வான முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் ஒரு தலைவர் நிலையாக உட்கார முடியவில்லை. 2006இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. அந்தத் தலைவர்களைச் சென்னைக்கு அழைத்து அரசே சமத்துவப் பெருவிழா எடுத்தது.

இதே 73ஆவது திருத்தம் இன்னொன்றையும் சொல்கிறது. ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். அது முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். 243-உ பிரிவில் இது தெளிவாக இருக்கிறது. ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பர் வரை தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். அந்த இடைவெளியில் ஆறு தேசிய நாள்கள் தலைவர் இல்லாமலே போயின. 2025 ஜனவரியில் மீண்டும் அதே நிலை வந்தது. எல்லை மறுவரையறை, நகராட்சிகளோடு இணைப்பு எனக் காரணங்கள் சொல்லப்பட்டன. காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஐந்தாண்டு முடியும் தேதி முதல் நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்த தேதி.

பாப்பாபட்டியில் நாற்காலியைக் காலியாக வைத்தது சாதி. 2025இல் அதைக் காலியாக வைத்தது நிர்வாகத் தாமதம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் காலனியிலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நம்மில் ஒருவர் உட்கார்ந்த நாற்காலியில் அப்போது யாரும் இல்லை. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் ஒன்றிய அலுவலகம் வரை போய்க் கேட்க வேண்டியிருந்தது.

கொடி விஷயத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். இந்த 28 மாவட்டங்களில் இருப்பவை 314 ஒன்றியங்கள். அப்படியானால் ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக 30 ஊராட்சிகள். ஒரே காலையில் 30 கொடிக்கம்பங்களின் கீழே ஒருவர் நிற்க முடியாது. அவருக்குப் பதில் கயிற்றைப் பிடிக்கப்போவது யார்? ஊராட்சிச் செயலரா, ஊரில் செல்வாக்குள்ள ஒருவரா? பட்டியலினத்தவர் தலைவராக இருந்த ஊரில், ஐந்தாண்டுகள் அதைப் பொறுக்க முடியாமல் இருந்தவரே குடியரசு நாளில் கொடியேற்றினால், அது சட்டப்படி தவறாகத் தெரியாமல் போகலாம். ஆனால் ஊருக்கு அதன் அர்த்தம் புரியும்.

வானொலியின் கடமை

1954 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியில் அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கைத் தத்துவம் பற்றிப் பேசினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களில் அது அடங்கும் என்றார். அவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றேன் என்றார். சட்டத்தை யாரும் மீறிவிட முடியும். சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் உண்மையான காவல் சகோதரத்துவமே என்பது அந்தப் பேச்சின் சாரம். முகப்புரையைப் பள்ளியில் உரக்க வாசிக்கும் மாணவர்கள் அந்த மூன்றாவது சொல்லில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

வானொலி நமக்குப் புதிதல்ல. ஊராட்சி வானொலி பல ஊர்களில் ஊர்ப்பக்கம்தான் இருந்தது. காலனிக்குக் காற்றில் வந்த சத்தம்தான் கிடைத்தது. இன்று வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி, கைக்குக் கை செல்பேசி. கேட்பதற்கு யாரும் தடை போட முடியாது. ஆனால் கேட்கும் நிகழ்ச்சியில் நாம் இருக்கிறோமா என்பதுதான் இப்போதைய கேள்வி. சுதந்திர 75ஐ ஒட்டித் தூர்தர்ஷன் 75 பகுதிகளில் ஒரு வரலாற்றுத் தொடரை ஒளிபரப்பியது, தமிழிலும் தந்தது. நல்லது. ஆனால் கொடியேற்ற முடியாத தலைவரின் கதை அந்தக் காலத்தின் வரலாறு இல்லையா?

இது நாம் கேட்கும் சலுகை அல்ல. 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டம் 12ஆவது பிரிவில், சமூக நீதியை வளர்ப்பதும் தீண்டாமை போன்ற தீமைகளை எதிர்ப்பதும் பொது ஒலிபரப்பின் கடமை என்கிறது. அந்தக் கடமைப்படி வானொலி நிலையங்கள் சில எளிய வேலைகளைச் செய்யலாம். தனித் தொகுதி ஊராட்சிகளில் ஐந்தாண்டு பதவியிலிருந்து இறங்கிய தலைவர்களின் அனுபவங்களை ஒலிப்பதிவு செய்யலாம். 'வீடும் வயலும்' கேட்கும் அதே நேயர்களுக்கு, பட்டியலின ஊராட்சித் தலைவரின் பணியைத் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்று இரண்டு வரி அறிவிப்புச் சொல்லலாம். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்ததும் ஒரு குடியரசு நாளில்தான், 2016 ஜனவரி 26 அன்று.

குடியரசு நாளில் நாம் செய்ய வேண்டியது

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருநெல்வேலி, தென்காசி ஆகிய ஒன்பது மாவட்டங்களில் 2021இல் தேர்வான தலைவர்கள் 2025 ஜனவரியில் பதவியில் இருந்தார்கள். அங்கே பட்டியலினத் தலைவர்கள்தான் கொடியேற்றினார்களா, கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார்களா என்று அந்தந்த ஊர் இளைஞர்கள் பார்க்க வேண்டும். தடை இருந்தால் அன்றே ஆட்சியருக்கும் காவல்துறைக்கும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

தனி அலுவலர் இருக்கும் ஊராட்சிகளில் அவரிடம் இரண்டு நாள் முன்பே போய், நம் ஊரில் கொடியேற்றப் போவது யார் என்று கேட்டு வைப்போம். அவரால் வர முடியாது என்றால், தூய்மைப் பணியாளர் ஒருவரையோ, ஊரின் மூத்த பட்டியலினப் பெண் ஒருவரையோ அழைக்கச் சொல்வோம்.

அன்று கிராம சபையும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். காலனியிலிருந்து பெண்களும் கல்லூரி மாணவர்களும் கூட்டமாகப் போய் உட்கார வேண்டும். ஊராட்சித் தேர்தலை உடனே நடத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் கேட்போம். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுவோம்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்: அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்க்கையிலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பாட்டுக்குள் நாம் நுழையப்போகிறோம் என்று. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற அந்த அரசியல் சமத்துவமாவது நம்மிடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் 75 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. 9,624 ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் அதற்கும் தேதி கேட்டு நின்றோம். அந்தத் தேதியை அரசு அறிவிப்பதுதான் அந்த ஆண்டுவிழாவுக்கு நம் கிராமங்கள் கேட்ட நிகழ்ச்சி.